செலஸ்டின் நடை

"அதக் கட்டாத. நான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்" என்றான் பங்கிராஸ்.

அவன் பெண்டாட்டி கித்தேரி காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஹெலிகாப்டர் மேடையின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, கணுக்காலில் ஒன்று, முழங்காலுக்கு மேலே ஒன்று என்று கறுப்புப் பட்டைகளைச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். இந்தக் கோடை முழுக்கக் கம்பெனியின் சலவைக்கூடத்தில் அவள் துவைத்தது இந்தப் பட்டைகளின் உறைகளைத்தான். எந்த நாட்டுப் பணக்காரன் கட்டினாலும் கால் வியர்வை ஒரே நாற்றம்தான் என்பது அவள் கண்டுபிடிப்பு.

"எல்லாரும் கட்டுதாவ. நான் மட்டும் ஒங்க கையில தொங்கிக்கிட்டு வரவா?"

"தொங்கினா என்ன? கொறஞ்சா போயிருவ?"

"நேரமாவுது. ஏறுங்க."

அலாஸ்காவில் சீசன் முடிந்துவிட்டது. கடைசி விருந்தாளியும் விமானம் ஏறிய பிறகு, வேலைக்காரர்களுக்கு ஒரு நாள் இலவசப் பயணம் உண்டு. விருந்தாளிகள் சொத்தில் பாதியைக் கொட்டி அனுபவிக்கிற அதே பயணம்: ஹெலிகாப்டரில் பனியாற்றின் உச்சிக்குப் போய் இறங்கி, பனிமேல் நடந்து கீழே வந்து, அது உருகித் தேங்கி நிற்கும் ஏரியில் கயாக் ஓட்டிக் கரைசேர வேண்டும். இன்றைக்குக் கித்தேரியும், கம்பெனிச் சமையல்காரன் செண்பகராமனும் விருந்தாளிகள். அவர்களுக்கு வழிகாட்டி பங்கிராஸ்.

மூன்று வருடமாக இங்கே வேலை பார்க்கிறான். இந்த ஒரு நாளைத்தான் கோடை முழுக்க நினைத்துக்கொண்டிருந்தான். பனியைக் கண்டு அவள் மிரள வேண்டும். கால் நடுங்க வேண்டும். அவன் கை நீட்ட வேண்டும், அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். வேறு ஒன்றும் பெரிதாக அவன் கேட்கவில்லை.

ஹெலிகாப்டர் அவனுக்குத்தான் ஆகாது. எத்தனை தடவை ஏறினாலும் அது பழகவில்லை. கண்ணை மூடிக்கொண்டான். கித்தேரி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, கீழே நீலமும் வெள்ளையுமாகக் கிழிந்து கிடந்த பனியாற்றைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஓட்டிய வெள்ளைக்காரப் பெண்ணின் முழங்கையிலும் கறுப்புப் பட்டைகள் இருந்தன. எப்போதோ பதிவு செய்து கொடுத்துவிட்டு எங்கோ வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழட்டு விமானியின் கை அவளை ஓட்டவைத்துக்கொண்டிருந்தது.

இறங்கியதும் செண்பகராமன் பனியில் அசையாமல் நின்றான். ராஜபாளையத்துக்காரன், குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே ஐஸைக் கண்டு பழக்கமில்லை.

"அண்ணாச்சி, இந்தப் பட்டை கரண்டு கிரண்டு அடிச்சிராதே?"

"அடிக்காது. எறும்பு ஊருத மாதிரி இருக்கும்" என்றான் பங்கிராஸ், மூவரையும் பிணைக்கும் கயிற்றை அவன் இடுப்பில் கட்டிக்கொண்டே. "கால் வழுக்கப் போவுதுன்னு ஒனக்குத் தெரியுததுக்கு முந்தியே பட்டைக்குத் தெரிஞ்சிரும். சதையச் சுண்டி இழுத்து, காலை எங்க வைக்கணுமோ அங்க வச்சிரும்."

"அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"ஒருத்தன் நடந்து காட்டிருக்காம்லா. ஒடம்பு பூரா ஒயர ஒட்டிக்கிட்டு இதே ஐஸ்ல மாசக்கணக்கா நடந்தான். அவன் சதை எப்ப இறுகுச்சு, எப்ப தளந்துச்சுன்னு அம்புட்டையும் புடிச்சு வச்சிருக்காவ. இப்ப ஊர் ஒலகத்துக்கெல்லாம் அவன் நடைதான்."

"யாரு அந்த மகராசன்?"

பங்கிராஸ் முடிச்சை இறுக்கினான். "எங்கூர்க்காரன்தான்."

"எங்க அத்த மவன்" என்றாள் கித்தேரி. "செலஸ்டின்."

"அத்த மகனா? அப்ப கட்டிக்கிற மொறையில்ல!" செண்பகராமன் சிரித்தான். சிரிப்புக்கு அங்கே வேறு ஆள் சேரவில்லை என்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டான்.

முறைதான். பேச்சும் நடந்தது. கித்தேரிதான் செலஸ்டினை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பங்கிராஸைக் கட்டிக்கொண்டாள். ஊரில் அத்தோடு அது முடிந்த கதை. பங்கிராஸுக்குள்தான் முடியவில்லை. ஏன் வேண்டாம் என்றாள் என்று அவளிடம் கேட்டதில்லை; கேட்டு, பதில் வேறு மாதிரி வந்துவிட்டால்?

தூத்துக்குடிக்குத் தெற்கே இருந்து துடுப்பு பிடிக்கத் தெரிந்த ஆட்களை இந்தக் கம்பெனி முதன்முதலாகக் கூட்டிவந்தபோது இருவரும் ஒரே விமானத்தில்தான் வந்தார்கள். பங்கிராஸ் லாஞ்சு என்கிற விசைப்படகில் வேலை பார்த்தவன். இன்ஜின் தெரியும், வலை இழுக்கத் தெரியும். துடுப்பு பிடிக்கத் தெரியும் என்று சொன்னது மட்டும் பொய். இங்கே வந்துதான் கற்றுக்கொண்டான். செலஸ்டின் கட்டுமரத்துக்காரன். பனியையும் அவன் சீக்கிரம் பிடித்துக்கொண்டான். அலையில் ஆடும் மரத்தின் மேல் நின்று பழகிய கால். பட்டைக்கு ஆள் தேடியபோது கம்பெனி அவனைத் தேர்ந்தெடுத்தது.

பட்டை வருவதற்கு முந்திய ஒரு சீசனை மட்டும் பங்கிராஸ் பார்த்திருக்கிறான். அப்போது பெரிய பெரிய முதலாளிகள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அடி வைப்பார்கள். கரைசேர்ந்ததும் கட்டிப்பிடித்து அழுதவர்கள் உண்டு. பட்டை வந்தபின் வழிகாட்டி என்பவன் பை தூக்குகிறவன், டீ ஊற்றுகிறவன். முன்னால் நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தால், ஜெர்மன்காரி, ஜப்பான்காரன், பெங்களூர் தம்பதி என்று யார் வந்தாலும் வருவது செலஸ்டின்தான். இடது தோள் சற்றே இறங்கி, இடுப்பை லேசாக ஒடித்து, சந்தேகமான இடத்தில் குதிகாலால் ஒரு தட்டு தட்டிப் பார்த்து, வரிசையாக எட்டு செலஸ்டின்கள் பனியில் இறங்கி வருவார்கள். அந்த நடையைப் பார்த்துப் பார்த்துப் பங்கிராஸுக்கு அடிவயிறு புகைந்து போயிருந்தது.

இப்போது கித்தேரி பட்டையின் பொத்தானை அழுத்தினாள். முதல் அடி வைத்தாள்.

இடது தோள் இறங்கியது. இடுப்பு ஒடிந்தது.

பங்கிராஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பத்து வருடம் கூட வாழ்ந்தவள். குடத்தைத் தூக்கினால் எப்படிச் சாய்வாள், கோபம் வந்தால் எப்படிக் கால் உதைத்து நடப்பாள் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அந்த உடம்புக்குள் இன்னொருத்தன் புகுந்து, அவன் கண் முன்னாலேயே நடந்து காட்டிக்கொண்டிருந்தான்.

"ஏ ஆத்தாடி, காலு தானா போவுதே!" கித்தேரி சிரித்தாள். "ராட்டினத்துல ஏறின மாதிரி இருக்கு!"

"சிரிக்காத. கீழ பாத்து நட."

"நான் எதுக்குப் பாக்கணும்? அதுதான் பாக்குதுல்ல."

வழக்கமாக விருந்தாளிகளைக் கூட்டிப்போகும் பாதை அகலமானது, சாதுவானது. பங்கிராஸ் அதை விட்டுவிட்டு இடதுபுறம் திரும்பினான். அங்கே பனி வெடிப்புகள் அடுத்தடுத்து வாய் பிளந்து கிடந்தன. இரண்டு வெடிப்புக்கு நடுவே கத்தி முதுகு மாதிரி ஒரு வரப்பு. அதைக் கண்டால் பட்டையையும் மீறி அவளுக்குப் பயம் வரும், கை நீட்டுவாள் என்று கணக்குப் போட்டான். செய்யக் கூடாத காரியம்தான். செய்தான்.

"அண்ணாச்சி, வழி இதுதானா?" என்றான் செண்பகராமன்.

"நான் காட்டுதேன். நீ வாய மூடிட்டு வா."

கித்தேரி வரப்பின் நடுவில் நின்று, குனிந்து வெடிப்புக்குள் எட்டிப் பார்த்தாள். அடியில் நீலம் கறுத்துக்கொண்டே போயிற்று. தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் மேலே வந்தது. பங்கிராஸ் கையை நீட்டினான். "புடிச்சுக்க."

"ஒங்க கை எதுக்கு? வழிய விடுங்க."

அந்தச் சொல்லில்தான் அவன் கவனம் பிசகியது. வழிகாட்டிகளுக்குக் கம்பெனி பட்டை தருவதில்லை. அவன் நடந்தது சொந்தக் காலில். பூட்ஸின் இரும்பு முள் பனியில் பதியாமல் ஒரு கால் சறுக்கியது. அடுத்த நொடி வரப்பின் விளிம்புக்குக் கீழே இடுப்பு வரை போய்விட்டான்.

கயிறு விண்ணென்று இழுத்து நின்றது. நிமிர்ந்து பார்த்தான். கித்தேரி குதிகால் இரண்டையும் பனியில் ஊன்றி, பின்னால் சாய்ந்து, படகில் பாய் இழுப்பவள் போலக் கயிற்றைப் பிடித்திருந்தாள். அவள் முகத்தில் திகில். கால்களில் திகில் இல்லை. அவை கல்தூண் மாதிரி நின்றன.

செண்பகராமன் வந்து அவன் கோட்டுக் காலரைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டான். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்: "எங்கேயோ இருந்துக்கிட்டே ஒங்களைப் புடிச்சு நிறுத்திட்டாரு பாத்தீங்களா அண்ணாச்சி, அந்த செலஸ்டின்!"

கித்தேரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பங்கிராஸ் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். செத்திருந்தால்கூட இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது என்று அப்போது அவன் மனதாரவே நினைத்தான்.

வெடிப்புகள் முடிந்த இடத்தில் பாறை ஒன்றின் மறைவில் உட்கார்ந்தார்கள். பங்கிராஸ் பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றினான்.

"அந்த ஆளு இப்ப என்ன செய்றாரு? கம்பெனி பங்களா கட்டிக் குடுத்திருக்கும்ல?" என்றான் செண்பகராமன்.

"மீன்பிடித் துறைமுகத்துல ஐஸ் ஒடைக்கான்" என்றாள் கித்தேரி.

"ஐஸா?"

"ஐஸ்கட்டி பார் பார்ரா வரும்லா, அத ஒடச்சு லாஞ்சுல கொட்டுத வேல. இவனுவ ஒரே தடவையா ஒரு தொகையக் குடுத்தானுவ. அது வீட்டுக் கடனுக்குச் சரியாப் போச்சு. நடந்து காட்டினப்புறம் அவன் எதுக்கு? ஊருக்கு அனுப்பிட்டானுவ. பெறவு நார்வேயில வேற ஒரு கம்பெனிக்கு இதே வேலைக்குப் போனான். அங்க வாசல்ல ஒரு கேமரா. அவன் உள்ள நடந்து போனதும், இந்த நடை இன்ன கம்பெனிச் சொத்துன்னு அது சொல்லிட்டுது. அன்னைக்கே திருப்பி அனுப்பிட்டாவ."

"அவர் நடைதானே?"

"அவன் வித்துட்டான்லா. இனி ஐஸ்ல, தண்ணியில காசுக்கு அவன் அப்பிடி நடக்கக் கூடாது, துடுப்பும் போடக் கூடாது."

"அப்ப எப்பிடி நடப்பாரு? நொண்டியா?"

கித்தேரி டீயைக் குடித்தாள். பங்கிராஸுக்கு இது புதிய சேதி. ஐஸ் உடைக்கிறான் என்று கேட்டதும் நாக்கில் ஒரு இனிப்பு தட்டியது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் இனித்தது. அடுத்த நொடியே அது கசந்தது. அவன் ஐஸ் உடைப்பதெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னது? போனில் பேசுகிறாளா?

"எல்லாம் வெவரமாத் தெரிஞ்சு வச்சிருக்க" என்றான்.

"எங்க அத்த சொன்னா" என்றாள் அவள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

ஏரிக்கரையில் ஒரு கொட்டகை இருந்தது. அங்கே காலில் கட்டியதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கைக்குப் பட்டை வாங்கித் தோளுக்குக் கீழே கட்டி, அதன்மேல் தண்ணீர் புகாத உடுப்பை மாட்ட வேண்டும். மற்ற இருவரும் உள்ளே போனார்கள். பங்கிராஸ் வெளியே நின்று கயிறுகளைச் சுருட்டிக் கட்டினான்.

கித்தேரி சிவப்பு உடுப்பில் வெளியே வந்தாள். கயாக்கின் அருகில் குனிந்து, விரல் நுனியால் ஏரித் தண்ணீரை அள்ளி நெற்றியில் வைத்து, சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகுதான் காலை உள்ளே வைத்தாள்.

பங்கிராஸ் பல்லைக் கடித்தான். ஊரில் கடலில் இறங்குமுன் செய்வது அது. செலஸ்டினின் கையைப் பதிவு செய்தபோது அதுவும் சேர்ந்து பதிவாகிவிட்டது. நீக்கிப் பார்த்தார்கள், நீக்கினால் துடுப்பின் முதல் வீச்சு கோணிப்போயிற்று. சரி இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, "தொன்மையான கடல் வணக்கம்" என்று விளம்பரத்திலும் போட்டுக்கொண்டார்கள். சாமியே கும்பிடாதவர்களெல்லாம் இந்தக் கரையில் குனிந்து சிலுவை போட்டுக்கொண்டு ஏறுவார்கள். அதையெல்லாம் பார்த்துச் சிரித்தவன்தான் பங்கிராஸ். இப்போது சிரிப்பு வரவில்லை.

ஏரியில் வீட்டளவுக்குப் பனிக்கட்டிகள் மிதந்தன. கித்தேரியின் கயாக் அவற்றின் நடுவே ஊசியில் நூல் கோத்த மாதிரி போயிற்று. துடுப்பு தண்ணீருக்குள் சத்தமில்லாமல் இறங்கியது, சத்தமில்லாமல் ஏறியது. வீச்சின் முடிவில் மணிக்கட்டில் ஒரு சின்னச் சுழற்று. அந்தச் சுழற்று! மூன்று வருடமாக அவன் தனியாக வந்து பழகிப் பார்த்தும் கைக்கு வராத சுழற்று. செண்பகராமனுடைய வீச்சும் அதேதான், ஆனால் பட்டை தள்ளியதற்குப் பின்னால் அவன் கை ஓடியது. கித்தேரியிடம் அந்த இடைவெளிகூட இல்லை. செலஸ்டின் அவளுக்குள் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியிருந்தான்.

அவ்வளவு கச்சிதமாக. அதுதான் தாங்கவில்லை. பங்கிராஸ் மூச்சைப் பிடித்துத் துடுப்பு போட்டு, ஒரு பனிக்கட்டியின் பின்னால் அவளை எட்டினான். படகுகள் மோதின.

"கழட்டு அத."

"எத?"

"கைப்பட்டைய. கழட்டுன்னா கழட்டு. அவன் கையோட என் முன்னால நீ துடுப்பு போட வேண்டாம்."

கித்தேரி துடுப்பை மடியில் வைத்தாள். "நான் கட்டவே இல்ல."

"பொய் சொல்லாத!" எட்டி அவள் மேற்கையைப் பிடித்தான். உடுப்புக்கு மேலேயே அழுத்தினான். கட்டியாக ஒன்றும் தட்டுப்படவில்லை. மறு கையைப் பிடித்தான். அங்கேயும் சதைதான். இறுகி, சூடாக, வேலை செய்த சதை.

"பெறவு எப்பிடி..."

"எங்கப்பாவுக்கு ஆம்பளப் பிள்ள கிடையாது. நண்டு வலைக்கு என்னத்தான் கூட்டிட்டுப் போவாவ. தலையில துண்டக் கட்டி, ஆம்பளப் பய மாதிரி. பொம்பளப் பிள்ள கட்டுமரத்துல ஏறுதான்னு ஊருக்குத் தெரிஞ்சா அசிங்கம்னு வெளிய சொல்லல. நான் சமஞ்சப்புறம் விட்டாச்சு."

"அவன மாதிரியே போடுதியே?"

"அவன்தான் என்னைய மாதிரி போடுதான்" என்றாள் கித்தேரி. "அப்பா கூட ஒத்தாசைக்கு அவனும் வருவான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது. துடுப்பு புடிக்கச் சொல்லிக் குடுத்தது நான்."

ஏரி சத்தமில்லாமல் கிடந்தது. எங்கோ பனியாற்றின் முகத்தில் ஒரு துண்டு உடைந்து விழுந்து, அலை மெதுவாக வந்து இரண்டு படகையும் தூக்கி இறக்கிவிட்டுப் போயிற்று. பங்கிராஸ் வாயைத் திறந்தான்.

"ரெண்டு பேரும் மட்டுமா போவிய?"

கித்தேரி தன் கையிலிருந்து அவன் பிடியை விலக்கினாள்.

"இதுக்குத்தான்வே ஒம்மகிட்ட சொல்லல" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் அவனை 'வே' என்று வேற்றாள் மாதிரி அழைத்ததில்லை. "போன வாரம் வெளியூர் ஆபீஸ்காரனுவ வந்து ஏரிக்கு ஆள் எடுத்தானுவ. அடுத்த சீசனுக்கு வழிகாட்டி. நானும் போய் நின்னேன். சலவைக்கூடத்துல வெந்து சாவுததுக்கு இது மேல்னு. ரெண்டு வீச்சு போட்டேன். படகுத்துறைக் கேமரா கத்திட்டுது. இது கம்பெனிச் சொத்து, பட்டை இல்லாம ஒனக்கு எப்பிடி வந்துச்சு, யார்கிட்ட களவாண்டன்னு கேட்டானுவ. என் கைதான்னேன். சிரிச்சானுவ. திரும்ப அப்பிடிப் போட்டா வேலைய விட்டுத் தூக்கிருவோம்னு சொன்னானுவ."

"ஏட்டி, என்கிட்ட ஒரு வார்த்த..."

"சொன்னா என்ன கேப்பீரு? அதத்தான் இப்பக் கேட்டீரு."

பங்கிராஸ் தன் படகைச் சற்றே பின்னுக்குத் தள்ளிக்கொண்டான்.

"இன்னைக்குக் கொட்டகையில வேல பாக்குத பிள்ள பட்டைய நீட்டுனா. என் கைய எனக்கே இரவல் குடுக்க இவனுவ யாருன்னு தோணிச்சு. வேண்டாம்னுட்டேன். நடு ஏரியில கேமரா இல்ல. இது வரைக்குமாவது போட்டுக்கிடுதேன்."

துடுப்பைத் தூக்கினாள். நாலு வீச்சில் அவனைத் தாண்டிப் போய்விட்டாள். பங்கிராஸ் பின்னால் போனான். எவ்வளவு இழுத்தும் தூரம் கூடிக்கொண்டேதான் போயிற்று. செண்பகராமன் தூரத்தில் ஏதோ சினிமாப் பாட்டைப் பாடிக்கொண்டு வந்தான்.

படகுத்துறை கண்ணுக்குத் தெரிந்ததும் கித்தேரியின் வேகம் குறைந்தது. கம்பத்தின் உச்சியில் கேமரா. அதன் கீழே சூப்பர்வைசரும், முந்தைய பயணத்தில் திரும்பியிருந்த வேலைக்காரர்களும் கையில் காபியோடு நின்றார்கள். அவள் துடுப்பைத் தலைகீழாகப் பிடித்தாள். தண்ணீரை ஓங்கி அடித்தாள். முகமெல்லாம் தெறித்தது. படகு ஒரு பக்கமாகச் சுழன்று, ஒரு பனிக்கட்டியில் போய் முட்டி நின்றது. மறுபடியும் அடித்தாள், மறுபடியும் சுழன்றது. கரையில் எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். கேமரா கத்தவில்லை.

பங்கிராஸ் அவளுக்குப் பக்கத்தில் வந்து படகைப் பிடித்துத் துறையோடு சேர்த்தான். தெறித்த தண்ணீர் அவள் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. அவள் துடைக்கவில்லை.

"என்ன பங்கி!" சூப்பர்வைசர் ஆங்கிலத்தில் சத்தம் போட்டான். "கடற்கரையில் பிறந்தவள் என்றாயே! உன் பெண்டாட்டிக்குத் துடுப்பு பிடிக்கவே தெரியாதா?"

"தெரியாது" என்றான் பங்கிராஸ்.

அவள் வேலையைக் காப்பாற்றத்தான் சொன்னான். வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? ஆனால் அந்தச் சொல் தொண்டையில் எங்கேயும் தடுக்காமல், நாக்கு இனிக்க வெளியே வந்ததை அவன் கவனித்தான். படகுத்துறையின் ஏணியில் ஒரு காலை வைத்திருந்த கித்தேரியும் அதைக் கவனித்தாள்.